உபுண்டு நிறுவிய பின் விண்டோஸ் 11 தொடங்கவில்லை: ஒரு வழியில் மீட்புத் திறவுகோல் கேட்கிறது, இன்னொரு வழியில் நீலத் திரை வருகிறது

வினா – நெல்லைக் கணக்கர்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பணியில் இருக்கிறேன். என் மடிக்கணினியில் வாங்கும்போதே விண்டோஸ் 11 நிறுவப்பட்டிருந்தது. பைத்தான் கற்க வேண்டும் என்ற விருப்பத்தால், விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கி, அதனால் கிடைத்த காலி இடத்தில் உபுண்டு 24.04 நிறுவினேன். உபுண்டு நன்றாக இயங்குகிறது. இந்த வினாவையும் அதிலிருந்துதான் எழுதுகிறேன். விண்டோஸ் மட்டும் தொடங்க மறுக்கிறது.

மறுப்பது இரண்டு விதமாக இருப்பதால்தான் எனக்குக் குழப்பம். கணினியை இயக்கியதும் வரும் க்ரப் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால், வட்டைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கரின் மீட்புத் திறவுகோலை உள்ளிடும்படி நீல நிறப் பக்கம் ஒன்று உடனே வந்து நிற்கிறது. பிட்லாக்கரை நான் எப்போதும் இயக்கியதில்லை. கணினியை இயக்கும்போதே எஃப்12 விசையை அழுத்தி, அங்கே வரும் பட்டியலில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால், திறவுகோல் எதையும் கேட்காமல் தொடக்கச் சின்னம் வருகிறது. அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சில நொடிகள் சுழல்கின்றன. பிறகு சோகமான முகக்குறியுடன் நீலத் திரை தோன்றி, அடியில் சிறிய எழுத்தில் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று காட்டிவிட்டுக் கணினி தானாகவே மறுபடி தொடங்குகிறது. இப்படியே தொடர்ந்தால் ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ பக்கம் வருகிறது. அதுவும் சரிசெய்ய முடியவில்லை என்று சொல்லிவிடுகிறது.

டேலி என்ற கணக்கு மென்பொருளில் நான் பதிந்துள்ள கணக்குகள் அனைத்தும் சி டிரைவில் உள்ளன. சென்ற மாத இறுதி வரையிலான காப்பு பென்டிரைவில் இருக்கிறது. அதற்குப் பின் பதிந்த பில்கள் இந்த வட்டில் மட்டுமே உள்ளன. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி வரிப் படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டிய வாடிக்கையாளர்களின் பதிவுகளும் அவற்றில் அடக்கம். பழுதுபார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தபோது, வட்டை முழுவதும் அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவதைத் தவிர வேறு வழியில்லை என்றார்கள். அலுவலக நண்பர் ஒருவர், மீட்புப் பக்கத்தின் கட்டளைத் திரையில் பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர், ஃபிக்ஸ்பூட் என்ற இரு தெரிவுகளுடனும் இயக்கச் சொல்கிறார். எதையும் இன்னும் செய்யவில்லை. தரவை இழக்காமல் இதைச் சரிசெய்ய முடியுமா என்று தெரிந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி – வலையமைப்பு நிர்வாகி

வணக்கம் ஐயா. எதையும் செய்யாமல் நிறுத்தி வைத்தீர்களே, அதுவே பெரிய நன்மை. உங்கள் தரவு அழிந்திருப்பதற்கான அறிகுறி எதுவும் நீங்கள் எழுதியதில் இல்லை. வட்டை அழிக்க வேண்டாம். பூட்ரெக்கையும் இப்போது தொட வேண்டாம்.

தொடங்காத கணினியைப் பார்க்கும்போது, எந்தக் கட்டத்தில் நின்றது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பழுதுநீக்கும் கட்டளைகளுக்கு அதன் பிறகுதான் வேலை. இன்றைய யூஇஎஃப்ஐ கணினியில் ஃபர்ம்வேர், அதாவது நாம் பழக்கத்தால் பயாஸ் என்று அழைப்பது, வட்டில் இஎஸ்பி என்ற சிறிய ஃபேட்32 பார்ட்டிஷனைத் திறந்து, அதிலுள்ள விண்டோஸ் பூட் மேனேஜரை இயக்குகிறது. பூட் மேனேஜர் பிசிடி என்ற குறிப்புக் கோப்பைப் படித்து வின்லோடு என்ற நிரலை அழைக்கிறது. வின்லோடு, விண்டோஸின் கெர்னலையும் வன்பொருளை இயக்கத் தொடக்கத்திலேயே தேவைப்படும் டிரைவர் நிரல்களையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அதுவரை வட்டைப் படிக்க ஃபர்ம்வேரின் உதவியே போதும். கெர்னல் பொறுப்பேற்ற பிறகு அந்த உதவி நின்றுவிடும். தன் சொந்த டிரைவரைக் கொண்டே அது சி டிரைவைத் திறக்க வேண்டும்.

புள்ளிகள் சுழன்றதையும் அதன் பின் நீலத் திரை வந்ததையும் எழுதியிருக்கிறீர்கள். அந்த நீலத் திரையை வரைவதே கெர்னல்தான். ஆகவே இஎஸ்பி, பூட் மேனேஜர், பிசிடி, வின்லோடு ஆகிய நான்கும் தம் வேலையை ஒழுங்காக முடித்துவிட்டன. கெர்னல் தன் டிரைவரோடு வட்டைத் தேடும்போது வட்டு அகப்படவில்லை. ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்பது அதைத்தான் சொல்கிறது. நண்பர் சொன்ன ஃபிக்ஸ்எம்பிஆர், பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் செக்டாரில் இருக்கும் தொடக்க நிரலை மறுபடி எழுதுவது. ஜிபிடி என்ற புதிய பகுப்பு முறையில் அமைந்த வட்டிலிருந்து யூஇஎஃப்ஐ முறையில் தொடங்கும் உங்கள் கணினி அந்த நிரலைப் படிப்பதே இல்லை. ஃபிக்ஸ்பூட்டோ பெரும்பாலும் ‘ஆக்சஸ் இஸ் டினைட்’ என்று திரும்பிவிடும். முறிந்திருப்பது வேறிடம் என்பதால் இவை இரண்டும் உங்களுக்குப் பயன்படா.

ஒரே ஒரு செய்தி வேண்டும். உபுண்டு நிறுவும்போது, இன்டெல் ஆர்எஸ்டி என்ற வட்டு நிர்வாக வசதியை அணைக்கும்படி நிறுவல் நிரல் கேட்டதா? அல்லது வட்டே தென்படவில்லை என்பதால் பயாஸில் ஸ்டோரேஜ், சாட்டா, விஎம்டி போன்ற தலைப்புகளின் கீழ் எதையாவது மாற்றினீர்களா?

நெல்லைக் கணக்கர்

மிக்க நன்றி ஐயா. நீங்கள் கேட்டது சரியாகவே அமைந்திருக்கிறது. ஆர்எஸ்டி இயக்கத்தில் இருப்பதால் தொடர முடியாது என்று நிறுவல் நிரல் ஒரு பக்கம் காட்டியது. இணையத்தில் கிடைத்த குறிப்பு ஒன்றின்படி, பயாஸில் ஸ்டோரேஜ் பகுதியில் ‘ரெய்டு ஆன்’ என்று இருந்ததை ‘ஏஎச்சிஐ’ என்று மாற்றினேன். அதன் பின் வட்டு தென்பட்டது, நிறுவலும் முடிந்தது. இந்த மாற்றத்தால் விண்டோஸ் பாதிக்கப்படும் என்று அந்தக் குறிப்பில் எங்கும் இல்லை.

இப்போது அதை மறுபடி ‘ரெய்டு’ என்று மாற்றினால் வட்டில் உள்ளவை அழிந்துவிடுமா? மாற்றும்போது பயாஸ் ஓர் எச்சரிக்கையைக் காட்டுவதால் கை வரவில்லை.

மறுமொழி – பழுதுபார்ப்பவர், திருச்சி

இது என் பணிமேசைக்கு அடிக்கடி வரும் சிக்கல் என்பதால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உங்கள் மடிக்கணினியில் ஒரே ஒரு எஸ்எஸ்டி இருக்கிறது, அதில் ரெய்டு தொகுதி எதையும் யாரும் உருவாக்கவில்லை என்றால், அந்த அமைப்பை மாற்றுவதால் வட்டில் ஓர் எழுத்துகூட எழுதப்படுவதில்லை. வட்டும் செயலியும் எந்த முறையில் பேசிக்கொள்வது என்பது மட்டுமே மாறுகிறது. பயாஸ் காட்டும் எச்சரிக்கை, இரண்டு வட்டுகளை உண்மையாகவே ரெய்டு தொகுதியாகப் பிணைத்திருப்பவர்களுக்கானது. சுழலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஆப்டேன் நினைவகம் இணைத்து விற்கப்பட்ட சில பழைய மாதிரிகளிலும் எச்சரிக்கை தேவை; அவற்றில் விண்டோஸுக்குள் சென்று அந்த இணைப்பை முதலில் பிரித்துவிட்டுத்தான் பயாஸைத் தொட வேண்டும். உங்கள் கணினி இந்த இரண்டு வகையிலும் சேராது என்பதை உபுண்டுவின் டிஸ்க்ஸ் செயலியில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரே வட்டு தெரிந்து, அதில் இஎஸ்பி, விண்டோஸ், உபுண்டு பார்ட்டிஷன்கள் வரிசையாக இருந்தால் போதும்.

விண்டோஸ் ஏன் இப்படி நின்றுவிடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். புரிந்துகொண்டால் அடுத்து செய்யப்போவதில் பயம் இருக்காது. ரெய்டு முறையில் வட்டைப் பேசவைப்பது இன்டெல் தந்த டிரைவர். ஏஎச்சிஐ என்று மாற்றினால், என்விஎம்இ வகை எஸ்எஸ்டியைப் பேசவைக்க விண்டோஸின் சொந்த டிரைவரான ஸ்டோர்என்விஎம்இ வேண்டும். அந்த டிரைவர் எல்லாக் கணினியிலும் இருக்கிறது. தேவைப்படாத கணினியில் அதைத் தொடக்கத்தில் ஏற்ற வேண்டாம் என்று விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதியும் ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைத்துக்கொள்கிறது. நீங்கள் பயாஸில் முறையை மாற்றியது ரெஜிஸ்ட்ரிக்குத் தெரியாது. அது பழைய குறிப்பின்படி இன்டெல் டிரைவரை மட்டும் ஏற்றியது. அந்த டிரைவர் பேசவேண்டிய கன்ட்ரோலர், அதாவது வட்டைக் கையாளும் வன்பொருள், இப்போது அங்கே இல்லை. சேஃப் மோடில் தொடங்கினால் விண்டோஸ் அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் தொடக்க டிரைவர்களை எல்லாம் ஏற்றும். எந்தக் கன்ட்ரோலர் இருக்கிறது என்பதை அப்போது கண்டறிந்து குறிப்பையும் திருத்திக்கொள்ளும். தீர்வு முழுவதும் இந்த ஓர் இயல்பின் மேல்தான் நிற்கிறது.

ஆனால் அதற்கு முன் பிட்லாக்கர். திறவுகோல் கையில் இல்லாமல் பயாஸில் மேற்கொண்டு எதையும் மாற்ற வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன்.

மறுமொழி – வலையமைப்பு நிர்வாகி

பிட்லாக்கர் பற்றி நான் விரிவாக எழுதுகிறேன். நீங்கள் இயக்கவில்லை என்றாலும் அது இயங்குவதில் வியப்பில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து முதல் அமைப்பைச் செய்தால், தகுதியுள்ள மடிக்கணினிகளில் பிட்லாக்கரின் எளிய வடிவமான சாதனக் குறியாக்கம் தானாகவே இயங்கிவிடுகிறது. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பிலும் இப்படித்தான். 24எச்2 வெளியீட்டில் அதற்கான நிபந்தனைகளைக் குறைத்ததால் இன்னும் பல கணினிகளில் இது நிகழ்கிறது. அதே வேளையில் மீட்புத் திறவுகோலை அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமித்தும் விடுகிறது. ஆறு இலக்கங்கள் கொண்ட எட்டுத் தொகுதிகளாக மொத்தம் 48 இலக்கங்கள் இருக்கும்.

கைப்பேசியில் அந்தக் கணக்கின் தளத்தில் நுழைந்து, சாதனங்கள் பகுதியில் உங்கள் மடிக்கணினியின் பெயரைத் தேடினால் அது கிடைக்க வேண்டும். நீலப் பக்கத்தில் காட்டப்படும் திறவுகோல் அடையாள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளும், கணக்கில் உள்ள எண்ணின் முதல் எட்டு எழுத்துகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தினால் 48 இலக்கங்களையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் இல்லாவிட்டால், அந்த மடிக்கணினியை முதன்முதலில் யாருடைய கணக்கில் தொடங்கினீர்கள் என்று யோசியுங்கள். வீட்டில் வேறொருவரோ விற்பனையாளரோ தொடங்கி வைத்திருந்தால் அவருடைய கணக்கில்தான் திறவுகோல் இருக்கும். திறவுகோல் எங்குமே இல்லையென்றால், பழைய அமைப்புகளுக்குத் திரும்பி விண்டோஸ் தானாகத் திறந்துகொள்வது ஒன்றே வழி. அதுவும் முடியாவிட்டால் அந்தத் தரவை எந்தக் கடையாலும் எடுத்துத் தர முடியாது.

அடுத்து, ஒரு வழியில் கேட்டு மறு வழியில் கேட்காததன் காரணம். பிட்லாக்கரின் திறவுகோல் டிபிஎம் என்ற சில்லில் பூட்டப்பட்டிருக்கிறது. கணினி தொடங்கும்போது என்னென்ன நிரல்கள், எந்தச் சான்றிதழின் பேரில் இயங்கின என்பதை டிபிஎம் தன் பதிவேடுகளில் வரிசையாகப் பதிந்துகொள்கிறது. நம்பகமான கையொப்பம் உள்ள நிரல்களை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில், பிட்லாக்கர் பொதுவாக அவற்றுள் 7, 11 ஆகிய இரு பதிவேடுகளை நம்பியிருக்கும். எஃப்12 வழியாக நேரே தொடங்கும்போது, விண்டோஸுக்கு உரிய மைக்ரோசாஃப்ட் சான்றிதழ் மட்டுமே 7ஆம் பதிவேட்டில் ஏறுகிறது. டிபிஎம் திறவுகோலை விட்டுக்கொடுக்கிறது. க்ரப் வழியாகச் சென்றால், அதற்கு முன் உபுண்டுவின் ஷிம் என்ற நிரல் வேறொரு சான்றிதழின் பேரில் இயங்கியிருக்கிறது. பதிவேட்டின் மதிப்பு மாறிவிடுகிறது. டிபிஎம் திறவுகோலைத் தர மறுக்கிறது. ஆகவே நீங்கள் பார்த்தவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு சிக்கல்கள். க்ரப் வழியில் பிட்லாக்கர் முன்னதாகவே நிறுத்திவிடுவதால், அதற்குப் பின்னால் காத்திருக்கும் டிரைவர் சிக்கல் அங்கே வெளிப்படவில்லை.

க்ரப் வழியாகத் திறவுகோலை உள்ளிட்டாலும் பூட்டு திறக்குமே தவிர, நீங்கள் போய்ச் சேர்வது அதே நீலத் திரைதான். இனி விண்டோஸுக்குச் செல்ல எஃப்12 பட்டியலையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

திறவுகோல் கிடைத்ததும் முதல் வேலையாகத் தரவை நகலெடுத்துவிடுங்கள். விண்டோஸ் தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உபுண்டுவின் கோப்புகள் செயலியில் விண்டோஸ் பார்ட்டிஷனைச் சொடுக்கினால் கடவுச்சொல் கேட்கும். அங்கே 48 இலக்கங்களையும் இடைக்கோடுகளுடன் உள்ளிட்டால் பார்ட்டிஷன் திறந்துகொள்ளும். டேலிபிரைமை வழக்கமான இடத்தில் நிறுவியிருந்தால், யூசர்ஸ் கோப்புறைக்குள் பப்ளிக், அதற்குள் டேலிபிரைம், அதற்குள் டேட்டா என்ற வரிசையில் உங்கள் நிறுவனக் கோப்புறைகள் எண்களின் பெயரில் இருக்கும். டேட்டா கோப்புறை முழுவதையும் வெளி வட்டுக்கு நகலெடுங்கள். அங்கிருந்து எடுக்க மட்டும் செய்யுங்கள். அந்தப் பார்ட்டிஷனில் எதையும் எழுதவோ அழிக்கவோ வேண்டாம்.

மறுமொழி – மென்பொருள் பயிற்றுநர்

இவ்வளவு சுற்று வேண்டுமா என்பது என் ஐயம். தரவை நகலெடுத்த பின் விண்டோஸைப் புதிதாக நிறுவிவிட்டால் எல்லாமே தூய்மையாகிவிடும். டிரைவரும் சரியாக அமைந்துவிடும். என் மாணவர்களுக்கு நான் இதையே சொல்வது வழக்கம்.

மறுமொழி – பழுதுபார்ப்பவர், திருச்சி

பயிற்றுநர் சொல்வது மாணவரின் கணினிக்குப் பொருந்தலாம். கணக்கு அலுவலகக் கணினியின் நிலை வேறு. டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், டேலியின் உரிமப் பதிவு, பிரிண்டர், வங்கித் தளங்களுக்கான அமைப்புகள் என்று ஒவ்வொன்றையும் மறுபடி உட்காரவைக்க வேண்டும். தாக்கல் நாள் நெருங்கும்போது அது சாதாரண வேலை அல்ல. இங்கே விண்டோஸில் எந்தக் கோப்பும் சிதையவில்லை. ரெஜிஸ்ட்ரியில் ஒரு குறிப்பு மட்டும் பழையதாக இருக்கிறது. அதற்காக மொத்தத்தையும் அழிப்பதை நான் ஏற்கமாட்டேன். புதிதாக நிறுவும்போது இஎஸ்பியை அழித்துவிட்டு, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த உபுண்டுவையும் இழந்து வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்கர் ஐயா, திறவுகோலும் நகலும் கையில் வந்த பிறகு செய்ய வேண்டியது இதுதான். பயாஸில் அந்த அமைப்பை மறுபடி ‘ரெய்டு ஆன்’ என்று வைத்து, சேமித்து, எஃப்12 வழியாக விண்டோஸைத் தொடங்குங்கள். ரெஜிஸ்ட்ரிக் குறிப்பும் கன்ட்ரோலரும் மறுபடி பொருந்திவிடுவதால் விண்டோஸ் வழக்கம்போல் வந்துவிடும். திறவுகோல் கேட்டால் உள்ளிடுங்கள்.

உள்ளே சென்றதும், கட்டளைத் திரையை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையுடன் திறந்து, பிட்லாக்கர் காவலைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். மேனேஜ்-பிடிஇ என்ற கட்டளையில் புரொடெக்டர்ஸ், டிசேபிள் என்ற தெரிவுகளைச் சி டிரைவுக்குக் கொடுத்தால் அது நடக்கும். வெறுமனே நிறுத்தினால் ஒரே மறுதொடக்கத்திற்குப் பிறகு காவல் தானாகத் திரும்பிவிடும். நமக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மறுதொடக்கங்கள் தேவைப்படுவதால், ரீபூட்கவுன்ட் என்ற தெரிவில் 0 என்று கொடுங்கள். நீங்களாக இயக்கும்வரை அது நின்றே இருக்கும். இதனால் வட்டின் குறியாக்கம் நீங்காது. திறவுகோல் மட்டும் தற்காலிகமாக வெளியே வைக்கப்படும்.

பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, எம்எஸ்கான்ஃபிக் என்ற கருவியைத் திறந்து, பூட் தாவலில் ‘சேஃப் பூட்’ என்பதையும் அதன் கீழ் ‘மினிமல்’ என்பதையும் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். சேஃப் மோடில் பின் எண்ணைக் கொண்டு நுழைய முடியாமல் போகலாம் என்பதால், கணக்கின் உண்மையான கடவுச்சொல் நினைவில் இருக்க வேண்டும். ஐயம் இருந்தால் கைப்பேசியிலிருந்து அந்தக் கணக்கில் ஒரு முறை நுழைந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு, சேஃப் மோடின் வாசலிலேயே மாட்டிக்கொள்பவர்கள் பலர்.

இப்போது கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் வருவதற்கு முன்பே எஃப்2 அழுத்திப் பயாஸுக்குள் சென்று ‘ஏஎச்சிஐ’ என்று மாற்றுங்கள். சேமித்து, எஃப்12 வழியாக விண்டோஸைத் தொடங்கினால், கரிய பின்னணியில் நான்கு மூலைகளிலும் சேஃப் மோட் என்ற சொற்களுடன் மேசைத்திரை வரும். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ் பகுதியை விரித்துப் பாருங்கள். ‘ஸ்டாண்டர்டு என்விஎம் எக்ஸ்பிரஸ் கன்ட்ரோலர்’ என்ற வரி இருந்தால் மாற்றம் நிறைவேறிவிட்டது. எம்எஸ்கான்ஃபிக்கில் சேஃப் பூட் தேர்வை நீக்கி மறுதொடக்கம் செய்தால் விண்டோஸ் இயல்பாக வரும். அதன் பின் அதே மேனேஜ்-பிடிஇ கட்டளையை எனேபிள் என்ற தெரிவுடன் இயக்கி, பிட்லாக்கர் காவலை மறுபடி இயக்கிவிடுங்கள். இதை மறந்துவிட்டால் மடிக்கணினி தொலைந்துபோகும் நாளில் வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் திறந்த வீடாகிவிடும்.

கடைசியாக, கன்ட்ரோல் பேனலின் மின்சக்தித் தெரிவுகளில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதியை அணையுங்கள். அது இயங்கும்போது, ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுவதும் அணையாமல் கெர்னலின் நிலையை வட்டில் எழுதிவிட்டு உறங்குகிறது. அந்த நிலையில் உபுண்டு விண்டோஸ் பார்ட்டிஷனைப் படிக்க மட்டுமே திறக்கும். கட்டாயப்படுத்தி எழுதினால் கோப்புமுறை சிதைய வாய்ப்புண்டு. இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கும் கணினிக்கு அந்த வசதி ஏற்றதல்ல.

மறுமொழி – கோவை மாணவர்

அண்ணா, இடையில் கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணினியிலும் விண்டோஸ் தொடங்கவில்லை, ஆனால் எனக்கு நீலத் திரையே வரவில்லை. க்ரப் பட்டியலில் விண்டோஸ் என்ற பெயரே காணோம். ஆகஸ்ட் 2024இல் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு இரட்டை இயங்குதளக் கணினிகளைக் கெடுத்தது என்று படித்தேன். அதுதான் காரணமா? நானும் இதே முறையைச் செய்யலாமா?

மறுமொழி – வலையமைப்பு நிர்வாகி

தம்பி, இந்த முறையை நீங்கள் செய்ய வேண்டாம். உங்கள் கணினி நிற்கும் கட்டம் வேறு. நீங்கள் படித்த ஆகஸ்ட் 2024 நிகழ்வு உண்மைதான். ஆனால் அது பழைய ஷிம் நிரல்களைச் செக்யூர் பூட் ஏற்காதபடி செய்தது; எஸ்பிஏடி என்ற சொல்லுடன் பிழைச் செய்தி காட்டி, லினக்ஸைத்தான் தொடங்கவிடாமல் தடுத்தது. உங்கள் உபுண்டு தொடங்குகிறது என்றால் அது காரணமாக இருக்க முடியாது.

முதலில் கணினியை இயக்கும்போதே ஃபர்ம்வேரின் தொடக்கப் பட்டியலைத் திறந்து பாருங்கள். அதில் விண்டோஸ் பூட் மேனேஜர் இருந்து, அதைத் தேர்ந்தெடுத்ததும் விண்டோஸ் வந்துவிட்டால், விண்டோஸில் எந்தக் குறையும் இல்லை. 2021இல் வெளிவந்த க்ரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் என்ற நிரல் பாதுகாப்புக் காரணங்களுக்காக இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் கோப்புறையில் உள்ள க்ரப் என்ற கோப்பைத் திறந்து, ஓஎஸ்-புரோபரை அணைக்கும் வரியின் மதிப்பை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி, அப்டேட்-க்ரப் கட்டளையை ரூட் உரிமையுடன் இயக்கினால் விண்டோஸ் பட்டியலில் வந்துவிடும்.

ஃபர்ம்வேர் பட்டியலிலும் விண்டோஸ் இல்லையென்றால், உபுண்டுவில் பூட் கோப்புறைக்குள் இருக்கும் இஎஃப்ஐ கோப்புறையை ரூட் உரிமையுடன் திறந்து, அதற்குள் அதே பெயரில் இருக்கும் இன்னொரு இஎஃப்ஐ கோப்புறையில் மைக்ரோசாஃப்ட் என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். உபுண்டு மட்டும் இருந்து மைக்ரோசாஃப்ட் இல்லாவிட்டால், நிறுவும்போது இஎஸ்பி ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கிறது என்று பொருள். அதற்கும் தீர்வு உண்டு; சி டிரைவில் உள்ளவற்றுக்குச் சேதமில்லை. விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் தொடங்கி, மீட்புப் பகுதியின் கட்டளைத் திரைக்குச் சென்று, டிஸ்க்பார்ட் மூலம் இஎஸ்பிக்கு எஸ் என்ற எழுத்தைக் கொடுங்கள். பிறகு பிசிடிபூட் கட்டளைக்கு, சி டிரைவில் உள்ள விண்டோஸ் கோப்புறை, சேர வேண்டிய இடமாக எஸ், வகையாக யூஇஎஃப்ஐ என்ற மூன்றையும் கொடுத்து இயக்குங்கள். பூட் மேனேஜரையும் புதிய பிசிடி கோப்பையும் அது இஎஸ்பியில் எழுதிவிடும். மீட்புத் திரையில் விண்டோஸ் பார்ட்டிஷனின் எழுத்து சில வேளைகளில் சி ஆக இருக்காது. டிஸ்க்பார்ட் பட்டியலில் அளவைப் பார்த்து எது விண்டோஸ் என்று உறுதிசெய்த பிறகே கட்டளையை இயக்குங்கள். மேற்கொண்டு ஐயம் இருந்தால் தனி இழையாகத் தொடங்குங்கள், பார்க்கிறேன்.

நெல்லைக் கணக்கர்

விண்டோஸ் வந்துவிட்டது. திறவுகோல் என் கணக்கில் இல்லை. மடிக்கணினி வாங்கிய அன்று என் தம்பி அவனுடைய கணக்கில் தொடங்கி வைத்தது நீங்கள் எழுதிய பிறகே நினைவுக்கு வந்தது. அவனுடைய கணக்கில் திறவுகோல் இருந்தது, முதல் எட்டு எழுத்துகளும் பொருந்தின. உபுண்டுவிலேயே பார்ட்டிஷனைத் திறந்து, டேலியின் டேட்டா கோப்புறை முழுவதையும் வெளி வட்டுக்கு எடுத்துக்கொண்டேன். அதன் பின் திருச்சி ஐயா எழுதிய வரிசையிலேயே சென்றேன். ரெய்டுக்கு மாற்றியதும் விண்டோஸ் திறவுகோல் கேட்காமலே வந்தது. சேஃப் மோடில் பின் எண் ஏற்கப்படவில்லை. தம்பியிடம் கடவுச்சொல்லை முன்பே வாங்கி வைத்திருந்ததால் நுழைய முடிந்தது. டிவைஸ் மேனேஜரில் நீங்கள் சொன்ன வரி அப்படியே இருந்தது. பிட்லாக்கர் காவலையும் மறுபடி இயக்கிவிட்டேன். உங்கள் இருவருக்கும் என் உளமார்ந்த நன்றி.

இன்னும் ஒன்று மட்டும் இருக்கிறது. உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்கு வரும்போதெல்லாம் விண்டோஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டுகிறது. பில்களின் தேதி மாறிவிடுமோ என்ற கவலையால் கேட்கிறேன்.

மறுமொழி – வலையமைப்பு நிர்வாகி

நல்ல செய்தி. கடிகாரமும் பழுதடையவில்லை. மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் உபுண்டு உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கிறது; விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. இந்திய நேரம் பொது நேரத்தைவிட ஐந்தரை மணி முன்னதாக இருப்பதால் அந்த அளவே குறைகிறது. காலை பத்து மணிக்கு விண்டோஸைத் திறந்தால் அது நாலரை என்று காட்டும். அதிகாலை ஐந்தரைக்கு முன் திறந்தால் தேதியே முந்தைய நாளாகிவிடும் என்பதால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது.

உபுண்டுவின் முனையத்தில் டைம்டேட்சிடிஎல் கட்டளையை, செட்-லோக்கல்-ஆர்டிசி என்ற தெரிவுடன் 1 என்ற மதிப்பைக் கொடுத்து இயக்குங்கள். அதன் பின் இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தைக் காட்டும். உள்ளூர் நேரத்தைக் கடிகாரத்தில் வைப்பது உகந்ததல்ல என்று உபுண்டு ஓர் எச்சரிக்கை தரும். கோடைக்கால நேரமாற்றம் இல்லாத நம் நாட்டில் அதனால் தொல்லை வருவதில்லை. விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் மாற்றியும் இதைச் செய்யலாம். ஆனால் அலுவலகக் கணக்கு ஓடும் விண்டோஸைத் தொடாமல் உபுண்டுவில் மாற்றுவதையே நான் விரும்புவேன்.

மாற்றிய பின் விண்டோஸுக்குச் சென்று, நேர அமைப்புகளில் ‘சிங்க் நவ்’ பொத்தானை ஒரு முறை அழுத்திவிட்டு டேலியைத் திறங்கள். இடைப்பட்ட நாட்களில் ஏதாவது பதிந்திருந்தால், டே புக்கில் அந்த வவுச்சர்களின் தேதியை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.